மூளை என்றால் நியூரான் மட்டும்தானா? உயிரியல் பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடநூல் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக்கொடுப்பவன் நான். நரம்பு மண்டலப் பாடம் வந்தாலே எனக்கு ஒரு மனக்குறை. டென்டிரைட், செல் உடல், சேதியைக் கொண்டுபோகும் நீண்ட இழையான ஆக்ஸான் என்று, நரம்பு செல்லான நியூரானுக்கு விலாவாரியாகப் படம் போடுகிறோம். மூளையில் நியூரான்களோடு கூடவே இருக்கும் கிளியல் செல்களுக்குக் கிடைப்பதோ, நியூரானைத் தாங்குபவை என்று ஓரிரு வரி. பிள்ளைகளும் அதை மனப்பாடம் செய்து, மதிப்பெண் வாங்கியதும் மறந்துவிடுகிறார்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். மூளையில் 10,000 கோடி நியூரான், அதைப்போல் பத்து மடங்கு கிளியல் செல் என்பது ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியே பரவிய எண். பிரேசிலின் மூளை ஆய்வாளர் சுசானா ஹெர்குலானோ-ஹவ்செல் குழுவினர் அதை உண்மையிலேயே எண்ணிப் பார்த்து 2009-இல் வெளியிட்டார்கள். எண்ணிய விதத்தையே பாடமாக வைக்கலாம். பதப்படுத்திய மூளையை டிடர்ஜென்ட் கரைசலில் ரசம்போல் கரைத்தார்கள். செல்சவ்வு கரைந்துபோகும், உட்கரு மிஞ்சும். நன்றாகக் கலக்கி, சாயமேற்றி, சிறு துளியில் உள்ள உட்கருக்களை நுண்ணோக்கியில் எண்ணி, மொத்தத்துக்கும் பெருக்கிவிட்டார்கள். விடை: ஏறத்தாழ 8,600 கோடி நியூரான்கள், கிளியல் உள்ளிட்ட மற்ற செல்களும் கிட்டத்தட்ட அதே அளவு. அந்த நியூரான்களில் சுமார் 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன! நாம் பெருமையாகப் பேசும் பெருமூளைப் புறணிக்கு 1,600 கோடிதான்.

சரி, கிளியல் செல்கள் செய்யும் வேலைக்கு வருவோம். ஒரு நியூரான் அடுத்ததற்குச் சேதி சொல்லக் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை வெளியிடுகிறது. அது அங்கேயே தேங்கினால் நியூரானையே கொன்றுவிடும். அதை உடனுக்குடன் உறிஞ்சி எடுப்பது ஆஸ்ட்ரோசைட் என்ற கிளியல் செல். அதன் நீட்சிகள் ரத்த நுண்குழாய்களையும் சுற்றிப் பிடித்திருக்கின்றன. இன்னொரு வகையான மைக்ரோகிளியா கழிவையும் கிருமியையும் விழுங்கும். வளரும் மூளையில் வேண்டாத நரம்பு இணைப்புகளைக் கழித்துக்கட்டுவதிலும் அதற்குப் பங்கு உண்டு. மற்றொரு வகையான ஒலிகோடென்ட்ரோசைட், ஆக்ஸானைச் சுற்றி மையலின் என்ற கொழுப்பு உறை போடுகிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே இந்த உறையைத் தாக்குகிறது. ஆக்ஸான் இருந்தும் சேதி தடுமாறுகிறது. சிலருக்குப் பார்வை மங்குகிறது, சிலருக்குக் கால் தள்ளாடுகிறது.

'பிரெயின் ட்யூமர் ஏன் சார் வருது?' என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கட்டி என்பது செல்கள் கட்டுப்பாடின்றிப் பிரிந்து பெருகுவது; முதிர்ந்த நியூரானோ பொதுவாகப் பிரிவதில்லை. மூளையிலேயே தோன்றும் புற்றுக்கட்டிகளில் முக்கியமான கிளியோமா, கிளியல் செல்களிலிருந்தோ அவற்றின் முன்னோடிச் செல்களிலிருந்தோ கிளம்புகிறது. நியூரானை மட்டும் படித்த பிள்ளைக்கு இதை எப்படி விளக்குவது?

பக்கம் போதாது என்பீர்கள். ஒருமுனை, இருமுனை, பலமுனை நியூரான் என்று வடிவத்தை வைத்துப் பிரிக்கும் பகுதியைச் சுருக்குங்கள். அந்த இடத்தில் கிளியல் வகைகளை ஒரே படத்தில், அவை தொட்டுக்கொண்டிருக்கும் நியூரானோடும் ரத்தக்குழாயோடும் சேர்த்து வரையுங்கள். வினாவையும் மாற்றலாம்: 'ஒலிகோடென்ட்ரோசைட் அழிந்தால் என்ன ஆகும்?' அடுத்த திருத்தப் பதிப்பிலேயே செய்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓர் உயிரியல் ஆசிரியர்