செவ்வரத்தை ரோசா இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில் செவ்வரத்தம்பூவின் படத்தைப் போட்டு, கீழே 'ஹைபிஸ்கஸ் ரோசா சைனென்சிஸ்' என்று தாவரவியல் பெயரையும் போட்டிருந்தீர்கள். நல்ல விஷயம்தான், ஆனால் அதன் பொருளை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. தரம் 7 படிக்கும் என் மகள் அதை வாசித்துவிட்டு, "அப்பா, இது ரோசாவா? சீனாவில இருந்தா வந்தது?" என்று கேட்டாள்.

'சைனென்சிஸ்' என்றால் சீனத்துக்குரியது. நாம் தினமும் குடிக்கும் தேயிலையின் பெயரும் 'கமெலியா சைனென்சிஸ்'தான். 'ஹைபிஸ்கஸ்' பழைய கிரேக்கச் சொல், அந்தக் காலத்தில் அது இதே குடும்பத்து வேறொரு செடியைக் குறித்தது. சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இவற்றைச் சேர்த்து இந்தப் பெயரைப் பதிவு செய்தார். ஆக முழுப் பெயருக்கும் பொருள், சீனத்து ரோசா என்ற ஹைபிஸ்கஸ்.

ஆனால் அது ரோசா இல்லை. எங்கள் தொடர்மாடி பால்கனியில் சாடியில் நிற்கும் செவ்வரத்தையில் ஒரு பூவைப் பறித்து மகளிடம் காட்டினேன். ஐந்து இதழ், நடுவிலிருந்து நீண்டு வரும் ஒரே தண்டு, அதன் மேல் பாதியில் மஞ்சள் மகரந்தம் ஒட்டிக்கொண்டிருக்கும், நுனி ஐந்தாகப் பிரிந்து சின்னச் சிவப்புப் பொட்டுகளாக முடியும். ரோசாவில் இப்படி ஒரு தண்டே கிடையாது, மகரந்தம் தாங்கும் கேசரங்கள் தனித்தனியாகச் சுற்றி நிற்கும். அந்தத் தண்டை வெண்டிப் பூவில் பார்க்கலாம், பூவரசம் பூவில் பார்க்கலாம், பருத்திப் பூவிலும் பார்க்கலாம். நான்கும் ஒரே குடும்பம், வெண்டியையும் பூவரசையும் லின்னேயஸே ஹைபிஸ்கஸ் என்றுதான் எழுதிவைத்தார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது தமிழ்நாட்டில் சொல்லும் 'செம்பருத்தி' என்ற பெயர். மலையாளத்திலும் அதேதான், 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் அச்சிட்ட மலபார் மூலிகை நூலில்கூட அந்தப் பெயரிலேயே இந்தச் செடி இருக்கிறது. பருத்தியோடு உறவென்று நம்மவர்கள் எப்போதோ கண்டுபிடித்துப் பெயரிலேயே வைத்துவிட்டார்கள், லத்தீன் பெயரில்தான் இன்னும் ரோசா நிற்கிறது. இதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் வெறும் பெயரை மட்டும் போட்டால் அவர்கள் அதை மனப்பாடம் பண்ணுவார்கள், அவ்வளவுதான்.

ஆகவே பெயர் போடும்போதெல்லாம் பக்கத்தில் இரண்டு வரி பொருளும் போடுங்கள். அடுத்ததாகக் கொடிவேலியைப் போட்டால் இன்னும் நல்லது. 'பிளம்பாகோ சைலானிகா' என்ற அதன் பெயரில் நம் இலங்கையே இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.