பாண்டி பஜாரில் இழுத்துப் போட்டுக்கொள்ள நாற்காலிகள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கு மாம்பலத்தில் 31 ஆண்டுகள் பந்தல் சாமான் வாடகைக் கடை நடத்தி ஓய்ந்தவன் நான். வாரத்தில் இரண்டு மாலை நானும் என் மனைவியும் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து ஆகாய நடைபாதை வழியாக தியாகராய நகர் வந்து, பனகல் பூங்காவைத் தாண்டி பாண்டி பஜாருக்குப் போவோம். 2019 நவம்பரில் அங்கே நடைபாதை வளாகம் திறந்த பிறகுதான் எங்கள் வயதுக்காரர்கள் அந்தச் சாலையில் பயமில்லாமல் நடக்கிறோம். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

என் மனைவிக்கு இடக்காது கேட்காது. வலக்காதும் பாதிதான், மீதியைப் பேசுபவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அங்கே இருப்பவை தரையில் பதித்த, நகர்த்த முடியாத இருக்கைகள். அதில் நாங்கள் இருவர் மட்டும் என்றால் நான் அவளுக்கு வலப்பக்கம் உட்கார்ந்துவிடுவேன். சென்ற மாதம் அவளுடைய தங்கையும் வந்திருந்தார். மூவரும் ஒரே வரிசையில், பஸ்ஸில் உட்கார்ந்தாற்போல் சாலையைப் பார்த்து உட்கார்ந்தோம். இடப்பக்கம் இருந்த தங்கை சொன்னது எதுவும் என் மனைவியின் காதில் விழவில்லை. கடைசியில் அவர் எழுந்து எதிரே நின்றுகொண்டு அரைமணி நேரம் பேசினார். அவருக்கு 64 வயது, மூட்டுவலி வேறு. ஒரே ஒரு நாற்காலி இருந்திருந்தால் இழுத்து எதிரே போட்டுக்கொண்டிருப்பார்.

நகர வேண்டியது நாற்காலிதான். வெயில் நகர்கிறது, நிழல் நகர்கிறது, ஆட்கள் கூடுகிறார்கள், பிரிகிறார்கள். நியூயார்க்கில் மக்கள் பொது இடங்களில் எப்படி உட்காருகிறார்கள் என்று படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட், நாற்காலியைச் சில அங்குலமாவது நகர்த்திவிட்டுத்தான் பலரும் உட்காருகிறார்கள் என்று கவனித்தார். என் தொழிலில் ஒவ்வொரு கல்யாணத்திலும் நான் கண்டதும் அதுவே. வரிசையாகப் போட்டுவிட்டு வருவோம். தாலி கட்டி முடிவதற்குள் வட்டம் வட்டமாகிவிடும். அந்நகரத்து பிரையன்ட் பூங்கா ஒரு காலத்தில் போதைப்பொருள் விற்பவர்களின் இடமாக இருந்தது. 1992இல் அதைச் சீரமைத்துத் திறந்தபோது, எடுத்துப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகளைத்தான் வைத்தார்கள். இன்றும் அவை அங்கே இருக்கின்றன.

திருடிவிடுவார்கள் என்று சொல்வார்கள். என் கடையிலிருந்து 300 நாற்காலி வெளியே போனால் திரும்பும்போது ஒன்றோ இரண்டோ குறையும். அவையும் பெரும்பாலும் பக்கத்து வீட்டுத் திண்ணையில் கிடைத்துவிடும். முதுகில் சிவப்புப் பெயின்ட்டில் கடை எழுத்து இருந்ததே காரணம். பெயர் எழுதிய நாற்காலியை வீட்டில் போட்டுக்கொள்ள நம் ஜனங்களுக்குக் கூச்சம் உண்டு. எனக்கு நஷ்டம் தந்தது திருட்டு அல்ல, உடைசல்தான்.

அதனால் பிளாஸ்டிக் வேண்டாம். வெயிலில் வெளுத்து, கால் பிளந்துவிடும். மடக்கு நாற்காலியும் வேண்டாம், குழந்தைகளின் விரல் மாட்டிக்கொள்ளும். இரும்புச் சட்டம், மழைநீர் நிற்காமல் வடிய ஓட்டை போட்ட தகடு, காலுக்கு ரப்பர் புஷ், ஐந்தாறு கிலோ எடை: காற்று தள்ளாது, கிழவியும் இழுக்கலாம். இரவில் பத்துப் பத்தாக அடுக்கிச் சங்கிலி போட ஒரே ஒரு ஆள் போதும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். பார்வையற்றவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் போகும் பாதையில் ஒரு நாற்காலிகூடக் கிடக்கக் கூடாது. மரங்களை ஒட்டிய பகுதிக்குத் தரையில் கோடு போட்டு, நாற்காலிகளை அதற்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். காவலுக்கு இருப்பவரின் முதல் வேலையே அதுவாக இருக்கட்டும்.

வரும் மார்கழியில் 50 நாற்காலிகள் போட்டு ஒரு மாதம் பார்க்கும்படி பொறுப்பில் உள்ளவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் வாரம் இரவில் எண்ணி அடுக்கிக் கணக்குக் கொடுக்க நானே வருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
முன்னாள் வாடகைக் கடைக்காரர்,
மேற்கு மாம்பலம், சென்னை.