ஃபேனை நிறுத்திவிட்டு பிளேடை எடு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். ட்ரோனுக்கு பிரேம் நீயே வெட்டப்போவதாகவும், 3 மி.மீ. கார்பன் ஃபைபர் தகடு வந்துவிட்டதாகவும் சொன்னாய். போனில் சொன்னால் பாதிதான் மனதில் நிற்கும். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பி.

முதலில் அந்தத் தகட்டை வெட்டும்போது பறக்கும் தூசி என்னவென்று தெரிந்துகொள். தகட்டில் உள்ள ஒரு கார்பன் இழையின் குறுக்களவு 5 முதல் 7 மைக்ரான், தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அந்தப் பருமனில் இருக்கும் இழை பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். ஆனால் அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் இழைகளைப் பிடித்துவைத்திருக்கும் எபாக்சிப் பசையும் சேர்ந்து பொடியாகிறது. அதில் கண்ணுக்கே தெரியாத நுண்பொடி இருக்கும், அதுதான் நுரையீரலின் உள்ளே வரை போகும். கறுப்பாகத் தெரிவது தோலில் அரிப்பு தரும், தெரியாததற்குத்தான் மாஸ்க்.

மரத்தூளுக்கு இல்லாத இன்னொரு குணம், இது கரன்ட்டைக் கடத்தும். 1999 மே மாதம் செர்பியாவின் பெரும்பகுதிக்கு மின்சாரத்தை நேட்டோ ராணுவக் கூட்டணியின் விமானங்கள் நிறுத்தியது கார்பன் இழைகளை மின்கம்பிகள் மேல் விழவைத்துத்தான். உன் லேப்டாப்பும், ட்ரோனை இயக்கும் ஃப்ளைட் கன்ட்ரோலர் போர்டும் அதைவிட மென்மையானவை. சால்டரிங் செய்யும் மேசையில் வெட்டவே வெட்டாதே. வேலை செய்யும் இடத்தின் பிளக் பாயின்ட்டுகளை மாஸ்கிங் டேப்பால் மூடு. சீலிங் ஃபேனை நிறுத்து, ஏசியையும் நிறுத்து. பால்கனியில் செய்யலாம் என்று நினைக்காதே. காற்றடித்தால் பக்கத்து வீட்டுக் கொடித் துணியில் போய் உட்காரும்.

தூசி பறந்த பிறகு பிடிப்பது கஷ்டம், பறக்குமுன் நனைப்பது சுலபம். அகலமான பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் விட்டு, பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு சேர். வெறும் தண்ணீரில் பொடி மிதக்கும், சோப்பு சேர்ந்தால் நனைந்து அடியில் இறங்கும். வெட்டும் கோட்டின் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டு, ஓரம் பிசிர் விடாது. டப்புக்குள் ஒரு மரக்கட்டை வைத்து, தகட்டை அதன்மேல் கிளாம்ப் போட்டு, கோடு தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்படி பார்த்துக்கொள். ஹேக்சா பிளேடில் அங்குலத்துக்கு 32 பல் உள்ளதை வாங்கு. அழுத்தாதே, அழுத்தினால் அடிப்பக்கம் பிளந்து ஏடு ஏடாகப் பிரியும். பிளேடு சீக்கிரம் மழுங்கும், இரண்டு மூன்று வைத்துக்கொள். கரன்ட்டில் சுழன்று வெட்டும் ரோட்டரி டூலைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதே. அது ஷாக் அடிக்கும் என்பது ஒன்று. அதன் வேகத்தில் வருவது மாவு போன்ற தூசி, மோட்டார் துளை வழியாக உள்ளேயும் போகும்.

ஓரம் தேய்க்க பெயின்ட் கடையில் வாட்டர் பேப்பர், அதாவது ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள் கேள். முதலில் 220 நம்பர், பிறகு 400. தாளும் தகடும் எப்போதும் ஈரமாக இருக்கட்டும். வெட்டிய பிரேம் காய்ந்ததும் ஓரம் முழுக்க ஃபெவிக்விக் மெல்லியதாக விட்டால் இழை நுனிகள் அடங்கிவிடும். பஞ்சாலோ காட்டன் துணியாலோ தடவாதே, பருத்தியில் பட்டால் சட்டென்று சூடேறிக் கையைச் சுடும். நாசிலின் நுனியாலேயே இழு. நீயே எபாக்சி ஊற்றிச் செய்த பாகமாக இருந்தால், 24 மணி நேரத்தில் கெட்டியாகத் தெரிந்தாலும் உடனே தேய்க்காதே. பல ரகங்கள் முழுதாக இறுக ஒரு வாரம் ஆகும். அரைகுறையாக இறுகிய எபாக்சிப் பொடி தோலில் அலர்ஜியைக் கொண்டுவரும், ஒருமுறை வந்தால் போகாது.

மாஸ்க்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். துணி மாஸ்க், சர்ஜிகல் மாஸ்க் இரண்டுமே உதவாது. குறைந்தது என்95, அதுவும் காதில் மாட்டுவதில்லை, தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகிற ரகம். பி100 ஃபில்டர் போட்ட அரைமுக மாஸ்க் இன்னும் நல்லது. தாடியை எடுத்துவிடு. முடி வழியாகக் காற்று புகுந்தால் எந்த மாஸ்க்கும் வீண். கண்ணை முழுக்க மூடும் கண்ணாடி, நைட்ரைல் கையுறை, நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை.

முடித்ததும் விளக்குமாற்றை எடுக்காதே. வாயால் ஊதாதே, புளோயரும் வேண்டாம். வீட்டு வாக்யூம் கிளீனரும் கூடாது: முன்னால் இழுக்கும் நுண்பொடியைப் பின்னால் ஊதிவிடும், மோட்டாரும் போய்விடும். நுண்பொடியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள, ஈரம் உறிஞ்சும் தொழிற்சாலை ரகம் இருந்தால் சரி, இல்லையென்றால் ஈரத்துணி போதும். மேலிருந்து கீழாக, ஒரே திசையில் இழுத்துத் துடை. அழுக்குப் பக்கத்தை உள்ளே மடி, சுத்தமான பக்கத்தால் அடுத்த இழுப்பு. துணியை வாளியில் அலசி மறுபடி துடைத்தால் எடுத்ததைத் திரும்பப் பூசுகிறாய், அதனால் பத்துப் பதினைந்து பழைய துணி எடுத்துவை. கடைசியில் விளக்கை அணைத்து, போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்துப் பார். டைல்ஸ் மேல் குட்டிக் குட்டி ஊசிகளாக மின்னும். அது மின்னாமல் போகும்வரை துடை, பிறகுதான் மாஸ்க்கைக் கழற்று.

டப்புத் தண்ணீரை சிங்க்கில் கொட்டாதே. ஒரு இரவு அசையாமல் வைத்து, தெளிந்த மேல்தண்ணீரை நெருக்கமான துணியில் வடிகட்டு. அடியில் நிற்கும் கறுப்புச் சேற்றைக் காயவிடாமல், துடைத்த துணிகளோடு சேர்த்து இரட்டைக் கவரில் கட்டி டேப் சுற்றிக் குப்பையில் போடு. எரித்தால் மட்டும் விபரீதம். எபாக்சி எரிந்துபோகும், இழை முழுதாக எரியாமல் இன்னும் மெலிந்து காற்றில் மிதக்கும்.

போட்ட சட்டையைத் தனியாக அலசு. உடம்பைத் தேய்க்காமல் முதலில் தண்ணீர் ஓடவிடு, தேய்த்தால் இழை தோலுக்குள் குத்தும். கையில் அரித்தால் செல்லோடேப்பை ஒட்டி எடு. சிராய் ஏறிவிட்டால் பிதுக்காதே, நொறுங்கிப் பாதி உள்ளே நிற்கும். அது ஏறிய சாய்விலேயே ட்வீசரால் மெல்ல இழு. வரவில்லையென்றால் நோண்டாமல் டாக்டரிடம் போ.

மாஸ்க் வாங்கியதும் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பு. மூக்குக் கம்பி சரியாகப் படிகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன், அதன்பிறகு வெட்டலாம்.

அன்புடன்,
அம்மா