உறைந்துபோவதற்குக் காரணம் இலவசம் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

தோட்டப் பாடசாலைகளின் லினக்ஸ் இயங்குதளக் கணினிகள் அடிக்கடி உறைந்துபோவதைப் பற்றி ஞாயிறு இதழில் எழுதியவர், 'இலவச மென்பொருள் அப்படித்தான்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மலையகத்துக்கு வரும் எதையும் 'இலவசம்தானே' என்று தள்ளிவிடுவது தங்கள் பக்கங்களில் இது முதல் தடவையல்ல. சென்ற வருடம், சாதனங்களைக் கணினியோடு இணைத்து இயக்கும் மென்பொருளான ட்ரைவரைச் 'சாரதி' என்று அச்சிட்டீர்கள், திருத்தம் வரவேயில்லை. உயர்தரத்தில் தமிழ்மூலம் படிக்கும் பிள்ளைகளும் அந்தப் பக்கத்தைத்தான் வாசிக்கிறார்கள்.

மழைக்காலத்தில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மின்னழுத்தம் இறங்கி ஏறும். தளர்ந்த யூ.எஸ்.பி. போர்ட்டிலுள்ள வைஃபை டொங்கிள் ஒரு கணம் விட்டுப்போகும். உடனே அதன் ட்ரைவர் தான் எடுத்திருந்த நினைவகத்தை விடுவிக்கிறது. அதற்கு முன் ஓடும் டைமரையும் வரிசையில் நிற்கும் வேலையையும் நிறுத்தி, அவை முடியும்வரை காத்திருக்க வேண்டும். அந்த ஒழுங்கு தவறினால் விடுவித்த நினைவகத்தையே வேலை தொடும், கணினி உறையும். விடுவிப்பும் அந்த வேலையும் ஒரே கணத்தில் மோதினால்தான் பிழை தெரியும் என்பதால், மேசையில் நூறு தடவை பிடுங்கிச் செருகினாலும் அகப்படாமல் போகலாம்.

மூலநிரலை வெளியிடாத மூடிய மென்பொருளுக்கும் இதே நோய்தான் என்பது தாங்கள் அறியாததல்ல. விண்டோஸ் ட்ரைவர்களுக்காகவே மைக்ரோசொஃப்ட் தன் ஸ்லாம் ஆய்வுத் திட்டத்திலிருந்து, நிரலை ஓட்டாமலே பிழை தேடும் ஸ்டாட்டிக் ட்ரைவர் வெரிஃபையர் என்ற மெய்ப்பிப்புக் கருவியை உருவாக்கியது. லினக்ஸ் ட்ரைவர்களில் பிழைவிகிதம், இயங்குதளத்தின் மையப்பகுதியான கேர்னலின் மற்றப் பகுதிகளைவிட 3 முதல் 7 மடங்கு வரை அதிகம் என்று 2001இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் கண்டார்கள். மூலநிரல் திறந்திருந்ததால்தான் அவர்களால் எண்ண முடிந்தது.

இத்தகைய மெய்ப்பிப்புக் கருவிக்குச் சாதனமே வேண்டாம். ஒரே தரவை இரண்டு வேலைகள் ஒருசேரத் தொடாதபடி ட்ரைவர் எடுத்த பூட்டை எல்லா வழியிலும் விட்டதா, பிடித்திருக்கும்வரை தூங்கக்கூடாத ஸ்பின்லொக் என்ற பூட்டைப் பிடித்தபடி, காத்துத் தூங்கக்கூடிய நினைவகக் கோரிக்கை விடுத்ததா என்று நிரலின் பாதைகளை அது ஆராய்கிறது. சாதாரண நிரல் ஓடத் தொடங்கும் இடமான 'மெயின்' ட்ரைவருக்குக் கிடையாது. அதை அழைக்கும் போலிக் கேர்னலையும் கருவியே அமைக்க வேண்டும். அது பிசகினால் பொய்யெச்சரிக்கைகள் குவியும். மொஸ்கோவில் ரஷ்ய அறிவியல் கழகத்தின் ஆய்வு நிறுவனம் லினக்ஸ் ட்ரைவர்களுக்கு இதைத்தான் செய்கிறது. சாதாரணக் கணினியிலேயே ஓடி, நிரலை வாசித்துப் பிழை தேடும் ஸ்பார்ஸ், ஸ்மாட்ச், கொக்கினெல் கருவிகளும் உண்டு. மூன்றாவது நினைவக ஒதுக்கீடு தோற்கும்போது முதலிரண்டையும் விடுவிக்க மறக்கும் வகைப் பிழைகளுக்கு அவை நன்றாக உதவும். கேர்னல் ஓடும்போதே பூட்டுப் பிழைகளைத் தேடும் லொக்டெப், நினைவகப் பிழைகளைத் தேடும் கேசான் இரண்டும் கேர்னலை மந்தமாக்கும், உண்மையில் ஓடிய பாதையை மட்டுமே பார்க்கும். அவற்றைப் பரிசோதனைக் கணினியில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த தடவை இப்படி எழுதும்போது கேர்னல் பதிப்பையும், யூ.எஸ்.பி. சாதனங்களைப் பட்டியலிடும் 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளை காட்டும் சாதன அடையாள எண்ணையும் சேர்த்து அச்சிடுங்கள். அவை இருந்தால்தான் அந்த ட்ரைவரைப் பராமரிப்பவருக்கு முறையிட முடியும்.

வாசகர்,
ஹட்டன்