பெட்டி மூக்குப் படகை வரைந்தவரும் அவர்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று எங்கள் வேலூரைச் சொல்வார்கள். அங்கிருந்து ஒருவன் விசைப்படகைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம். சென்னையில் ஃபைபர் படகுப் பட்டறையில் 22 வருடம் கண்ணாடியிழை மேட் விரித்து ரெசின் பசை பூசிவிட்டு ஊர் திரும்பியவன் நான்.

விசைப்படகுகளின் அடிப்பாகத்தைப் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில் அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ரேமண்ட் ஹண்டைப் புகழ்ந்திருந்தது சரி. பின்பலகை வரைக்கும் ஆழமான 'வி'யாகவே வரும் அடிப்பாகம் அவர் வரைந்தது. 1960 மயாமி–நசாவ் கடல் படகுப் பந்தயத்தில் அந்த அடிப்பாகம் கொண்ட 'மாப்பி' என்ற படகு கொந்தளித்த கடலில் முதலாவதாக வந்தது. அப்புறம்தான் ஊரெல்லாம் ஆழ் 'வி' பைத்தியம். ஆனால் சதுர மூக்குப் படகை 'மிதக்கும் பெட்டி' என்று கட்டுரையாளர் கேலி செய்கிறாரே, 1958இல் வந்த அந்த பாஸ்டன் வேலரை வரைந்தவரும் இதே ஹண்ட்தான்!

அதற்கும் மூத்தது ஒன்று உண்டு. கனடாக்காரர் ஆல்பர்ட் ஹிக்மேன், முதல் உலகப் போர்க் காலத்திலேயே 'வி'யைக் கவிழ்த்துப் போட்டு 'சீ ஸ்லெட்' செய்தார். இரண்டு ஓரமும் கீழே, நடு மேலே. ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி. சாதாரணப் படகு தண்ணீரைப் பிளந்து இரு பக்கமும் வீசியடிக்கும், அந்த அளவுக்கு எஞ்சின் சக்தி வீண். இதுவோ அந்தத் தண்ணீரையும் காற்றையும் நடுக்குடைவுக்குள் வாங்கி அதன் மேலேயே ஏறி ஓடும். சிக்கலும் அங்கேதான். காற்றும் நுரையும் நேராகப் பின்னால் போய் ப்ரொப்பெல்லரில் விழும். நுரையில் சுற்றினால் பிடிமானம் ஏது? எஞ்சின் அலறும், படகு போகாது. ஹிக்மேன், பாதி வெளியே தெரிய, நீர்மட்டத்திலேயே சுற்றும் ப்ரொப்பெல்லரை வைத்துச் சமாளித்தார். அதே வடிவத்தை எடுத்துக்கொண்ட வேலர்காரர்கள், இரண்டு ஓரத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு சின்ன 'வி'யை இறக்கி நுரையை ஒதுக்கிவிட்டார்கள். எனக்கென்னவோ அந்த ஒட்டுவேலைதான் பந்தய வெற்றியைவிடப் பெரிதாகப் படுகிறது.

வேலருக்குக் குறையே இல்லை என்று சொல்லவில்லை. எதிர் அலையில் அது அடிக்கிற அடி இடுப்பைப் பெயர்த்துவிடும். கடலுக்கு 'வி'தான். ஆனால் 'வி' அதிகம் ஆழம் கேட்கும், எஞ்சின் பெரிதாகக் கேட்கும், நின்றால் ஆடும்.

2021 நவம்பரில் பாலாறு இரு கரை தொட்டு ஓடியபோது நாங்கள் இருந்த தெருவுக்கு ஒரு மீட்புப் படகு வந்தது. பார்க்க ஜோரான 'வி' படகு. முழங்கால் தண்ணீரில் தட்டி நின்றுவிட்டது, நாலு பேர் இறங்கித் தள்ளினோம். ஒரு பாட்டியை ஏற்றும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்ததில் இன்னொருவர் தண்ணீரில் விழுந்தார். கட்டுரையாளர் கேலி செய்த பெட்டி வந்திருந்தால் வாசற்படி வரைக்கும் போயிருக்கும். ஓரத்தில் நாலு பேர் நின்றாலும் சட்டென்று சாயாது.

இன்னொன்று. உங்கள் கட்டுரையில் வந்த ஐந்து படங்களும் மேலிருந்து எடுத்தவை. அடிப்பாகத்தைப் பற்றிய கட்டுரையில் அடிப்பாகம் ஒன்றிலும் தெரியவில்லை. அடுத்த முறை கரையில் கவிழ்த்து வைத்த படகாகப் பார்த்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பழைய படகுப் பட்டறைத் தொழிலாளி,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.