வரைந்த படமெல்லாம் குழந்தைகள் படம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வார இறுதியில் ஓடிடி தளங்களில் என்ன பார்க்கலாம் என்று தங்கள் நாளிதழ் தரும் பட்டியலில், அனிமேஷன் தொடர் எது வந்தாலும் அது சிறுவர் பகுதியில்தான் சேர்கிறது. 'இன்வின்சிபிள்' தொடரும் அப்படியே சேர்ந்தது. மஞ்சளும் நீலமுமாக உடை போட்ட ஒரு பையன் பறக்கும் படத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் அது பெரியவர்களுக்கென்றே எடுக்கப்பட்ட, கொடூரக் காட்சிகள் நிறைந்த குடும்பக் கதை. அமெரிக்காவில் அதற்கு 'டிவி-எம்ஏ' தகுதி கொடுத்திருக்கிறார்கள். 17 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல என்பது அதன் பொருள். சிறுவர் பகுதியில் போடுவதால் இரண்டு பேருக்கு நஷ்டம். பத்து வயதுக் குழந்தை பார்க்கக் கூடாததைப் பார்க்கிறது. பார்க்க வேண்டிய நாற்பது வயதுக்காரர் 'பொம்மைப் படம்' என்று தாண்டிப் போய்விடுகிறார். இரண்டாவது நஷ்டத்தைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

(கதையின் முக்கியத் திருப்பங்கள் கீழே வருகின்றன. பார்க்க நினைப்பவர்கள் கடைசி நான்கு பத்திகளை மட்டும் படித்தால் போதும்.)

மூலச் சித்திரக்கதை 2003 ஜனவரியில் தொடங்கி 2018 பிப்ரவரியில் 144-ஆவது இதழோடு முடிந்தது. எழுதியவர் ராபர்ட் கிர்க்மன். முதல் ஏழு இதழ்களை வரைந்தவர் கோரி வாக்கர். பிறகு பெரும்பகுதியை வரைந்தவர் ரையன் ஓட்லி. வெளியிட்டது இமேஜ் காமிக்ஸ். பெரிய பதிப்பகங்களில் பாத்திரங்கள் நிறுவனத்துக்குச் சொந்தம் என்ற முறை பிடிக்காமல் வெளியேறிய ஓவியர்கள் 1992-இல் தொடங்கிய நிறுவனம் அது. அங்கே பாத்திரம் படைத்தவருக்கே சொந்தம். இந்த ஒரு விதிதான் தொடரின் பல முடிவுகளுக்குப் பின்னால் இருக்கிறது. கதையை எழுதியவரே தயாரிப்பிலும் எழுத்திலும் உட்கார்ந்திருப்பதால், தன் பழைய கதையில் எது வலுவில்லாமல் இருந்தது என்று பார்த்து மாற்ற அவரால் முடிந்தது.

முதன்மையான மாற்றம் ஒரு கொலையின் இடம். மார்க் கிரேசன் என்ற பள்ளி மாணவனின் அப்பா நோலன், உலகமே கொண்டாடும் சூப்பர் ஹீரோவான ஆம்னி-மேன். சித்திரக்கதையில் ஆறு இதழ்கள் வரை இது கலகலப்பான, நல்ல மனதுள்ள சூப்பர் ஹீரோ கதை. ஏழாவது இதழில் நோலன் தன் சக வீரர்களையே கொன்று போடுகிறார். மாதப் பத்திரிகையாக வாங்கியவர்களுக்கு அந்தத் திருப்பம் மாதக்கணக்கில் பழகிய ஒருவரின் துரோகமாக இருந்தது. தொடரில் அதே கொலை முதல் அத்தியாயத்திலேயே, முடிவு எழுத்துகள் ஓடத் தொடங்கிய பிறகு வருகிறது. ஏழு வாரம் காத்திருந்து திருப்பத்தைக் காட்டினால் பாதிப் பேர் அதற்குள் 'இது தெரிந்த கதைதானே' என்று போயிருப்பார்கள் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. சித்திரக்கதையில் கொலைக்கும் மார்க் உண்மையை அறிவதற்கும் இடையே நான்கைந்து இதழ்கள்தாம். தொடரில் முதல் அத்தியாயத்தில் நமக்குத் தெரிந்த உண்மை மகனுக்குத் தெரியக் கிட்டத்தட்ட முழு சீசனும் ஆகிறது. அதுவரை நோலன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசும் ஒவ்வொரு சாதாரண வார்த்தையும் நம் வயிற்றைப் பிசைகிறது.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் அம்மா டெபியின் பாத்திரத்தை வளர்த்தார்கள். இரத்தம் தோய்ந்த கணவனின் உடை கிடைக்கிறது. அதை எடுத்துக்கொண்டு, சூப்பர் ஹீரோக்களுக்கு உடை தைக்கும் பழைய நண்பரிடம் போகிறாள். இருபது ஆண்டுத் தாம்பத்தியத்தைத் தனியாக உட்கார்ந்து மறுபடி கணக்குப் பார்க்கிறாள். சித்திரக்கதையில் இந்த விசாரணைக்கு இத்தனை இடம் கிடையாது. டெபிக்குக் குரல் கொடுத்த சாண்ட்ரா ஓ பல காட்சிகளில் பேசாமல் மூச்சை மட்டும் விடுகிறார்; அந்த மூச்சு போதுமானதாக இருக்கிறது. நோலனாக ஜே. கே. சிம்மன்ஸ், மார்க்காக ஸ்டீவன் யூன். தொடரைத் தூக்கி நிறுத்துவதில் படங்களைவிடக் குரல்களின் பங்கு அதிகம் என்பது என் கருத்து.

இரண்டாவது மாற்றம் வன்முறையின் அளவு. அச்சுப் பக்கத்தில் இரத்தம் ஒரு நிறம் மட்டுமே. எவ்வளவு நேரம் பார்ப்பது, எப்போது பக்கத்தைத் திருப்புவது என்பதெல்லாம் வாசகரின் கையில். அசையும் படத்தில் நேரத்தை இயக்குநர் எடுத்துக்கொள்கிறார். கூடவே எலும்பு முறியும் ஓசையும் சேர்கிறது. முதல் சீசனின் எட்டாவது அத்தியாயத்தில் ஓடிவரும் சுரங்க ரயிலுக்கு முன்னால் மகனைப் பிடித்து நிறுத்துகிறார் நோலன். மகனின் உடல் உடையாது. ரயிலும் உள்ளே இருக்கும் மனிதர்களும் உடைகிறார்கள். இது சித்திரக்கதையில் இல்லாத காட்சி. அங்கே 'மனித உயிர் அற்பம்' என்று அப்பா வாயால் சொன்னதை, இங்கே மகனின் உடம்பையே ஆயுதமாக்கிக் காட்டுகிறார்கள். அதிர்ச்சிக்காகச் சேர்த்தது என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன்னைக் கருவியாக்கி நடந்த கொலைகளின் பாரத்தை மார்க் அடுத்த சீசன்கள் முழுவதும் சுமக்கிறான். கதை அந்தக் காட்சியை மறக்கவே இல்லை. அதே சண்டையின் முடிவில் வரும் அப்பா மகன் உரையாடலில், சித்திரக்கதையின் மையமான கேள்வியும் பதிலும் அப்படியே இருக்கின்றன. எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை.

மூன்றாவது, உரிமைக்காக விட்டுப்போனவை. சித்திரக்கதையின் 60-ஆவது இதழில், பல உலகங்களிலிருந்து வந்த கெட்ட மார்க்குகள் பூமியைத் தாக்கும்போது, இமேஜ் காமிக்ஸின் மற்ற நாயகர்களான ஸ்பான், சாவேஜ் டிராகன் போன்றவர்களும் வந்து சண்டை போடுவார்கள். அவர்கள் வேறு ஆசிரியர்களின் சொத்து. அதனால் 2025-இல் வந்த மூன்றாம் சீசனில் அதே போர் அவர்கள் இல்லாமலே நடக்கிறது. 'மூலத்துக்கு விசுவாசமாக இல்லை' என்று இதைக் குறையாகச் சொல்வது சரியல்ல.

உண்மையான குறை ஒன்று இருக்கிறது. அசைவு பல இடங்களில் விறைப்பாக இருக்கிறது. ஏன் என்று ஒரு சிறு கணக்குப் போட்டால் புரியும். படம் விநாடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்) ஓடுகிறது. ஒரு வரைபடத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினால் விநாடிக்கு 12 வரைபடங்கள். 45 நிமிட அத்தியாயத்துக்கு 2,700 விநாடிகள். ஒரே ஒரு பாத்திரம் இடைவிடாமல் அசைந்தால்கூட 32,400 வரைபடங்கள். காட்சியில் நான்கு பேர் இருந்தால் எங்கே போய் நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரக்கதையில் ஓர் இதழுக்கு 22 பக்கம், பக்கத்துக்கு ஐந்து கட்டம் என்று வைத்தால் 110 படங்கள். முதல் சீசனுக்கு ஆதாரமான ஏறக்குறைய 13 இதழ்களுக்கும் சேர்த்து 1,430 தான். பெரியவர்களுக்கான அனிமேஷன் தொடர்களில் பெரும்பாலானவை 22 நிமிட நகைச்சுவைகள். இது கிட்டத்தட்ட இரு மடங்கு நீளம், சண்டை வேறு.

அதனால் எங்கோ மிச்சம் பிடித்தாக வேண்டும். முதலில் கோடுகள் குறைகின்றன. ஓட்லி ஒரு முகத்தில் நெருக்கமாக இழுக்கும் நிழல்கோடுகளை ஆயிரம் முறை ஒரே மாதிரி வரைய முடியாது. வரைந்தால் அசையும்போது கோடுகள் புழுப்போல நெளியும். ஆகவே வடிவம் எளிமையாகிறது, நிழல் ஒரே தட்டையான நிறமாகிறது. அடுத்து, பேசுபவரை முதுகுப்பக்கம் காட்டுவது, வாயை மறைப்பது, ஒரு கட்டடத்தின் நிலைப்படத்தை நீட்டி அதன்மேல் உரையாடலை ஓடவிடுவது. கூட்டத்தில் பின்னால் நிற்பவர்கள் இமைக்கக்கூட மாட்டார்கள். இரண்டாம் சீசனில் ஒரு சித்திரக்கதை விழாவில் ஓர் ஓவியர் இந்தத் தந்திரங்களை மார்க்கிடம் வரிசையாகச் சொல்லுவார். சொல்லச் சொல்லத் திரையிலும் அவையே நடக்கும். சித்திரக்கதையில் 'ஒரே கட்டத்தைத் திரும்பத் திரும்ப ஒட்டுவது' பற்றி இருந்த காட்சியின் மாற்றுருவம் அது. மிச்சம் பிடித்ததெல்லாம் சண்டைக்குப் போகிறது. மூன்றாம் சீசனின் கடைசி அத்தியாயத்தில் கான்குவெஸ்ட் என்ற வில்லனுடன் நடக்கும் மோதலைப் பார்த்தால் அந்தக் கணக்கு புரியும். ஆனாலும் வீட்டுக்குள் நடக்கும் அமைதியான காட்சிகள்தாம் இந்தக் கதையின் உயிர். அங்கே இன்னும் சற்றுச் செலவழித்திருக்கலாம் என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இடைவெளியும் இதே காரணத்தால்தான். முதல் சீசன் 2021 மார்ச் 26 அன்று தொடங்கி ஏப்ரல் கடைசியில் முடிந்தது. இரண்டாம் சீசன் 2023 நவம்பரில் நான்கு அத்தியாயங்கள், மீதி நான்கு 2024 மார்ச்சிலிருந்து. நடுவில் வெட்டியதால் கதையின் வேகம் கெட்டது. இப்போது பார்ப்பவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் சீசனுக்கும் இரண்டாம் சீசனுக்கும் நடுவில், மார்க்கின் தோழியான ஆட்டம் ஈவ் பற்றி 2023 ஜூலையில் தனியாக வந்த சிறப்பு அத்தியாயத்தைப் பார்த்துவிட வேண்டும். தளத்தில் அது ஒதுங்கிக் கிடக்கும்; பலர் தவறவிடுகிறார்கள். ஒவ்வொரு அத்தியாயமும் முடிந்தபின் எழுத்துகள் ஓடும்போது நிறுத்திவிடக் கூடாது. 'அடுத்தது' பொத்தானை அழுத்தினால் சிலவற்றில் கதையின் ஒரு துண்டு போய்விடும். முதல் அத்தியாயத்தில் அப்படி நிறுத்தியவர்கள் கொலையையே பார்க்காமல், இது சாதாரணச் சிறுவர் தொடர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். புத்தகமாகப் படிக்க விரும்பினால் மூன்று பெருந்தொகுப்புகள் கிடைக்கின்றன: முதலாவதில் 47-ஆவது இதழ் வரை, இரண்டாவதில் 48 முதல் 96 வரை, மூன்றாவதில் 97 முதல் 144 வரை. முதல் இரண்டு சீசன்களின் கதை பெரும்பாலும் முதல் தொகுப்புக்குள் அடங்கிவிடும்.

இனி குழந்தைகள் விஷயம். பிள்ளைகள் இந்தத் தொடரைத் தளத்தில் தேடிக் கண்டுபிடிப்பதில்லை. 2023 நவம்பரில் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டில் மார்க்கும் ஆம்னி-மேனும் விளையாடுபவர் அணியும் உடைகளாக வந்தார்கள். அதே மாதம் 'மார்ட்டல் காம்பாட் 1' விளையாட்டிலும் ஆம்னி-மேன் சேர்ந்தார். மகனை அடித்துப்போட்டுவிட்டு அப்பா குனிந்து கத்தும் படம் நகைச்சுவை மீமாக எல்லாக் கைப்பேசியிலும் சுற்றுகிறது. அங்கே பழகிய முகத்தைத்தான் பிள்ளை வீட்டுத் தொலைக்காட்சியில் தேடுகிறது. பெற்றோர் எட்டிப் பார்த்தால் 'கார்ட்டூன்'.

நம் நாட்டில் 2021 பிப்ரவரி 25 அன்று அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, ஓடிடி தளங்கள் தங்கள் படைப்புகளை யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று வகைப்படுத்த வேண்டும். யு/ஏ 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும். வசதி இருக்கிறது, ஆனால் தானாகப் பூட்டிக்கொள்ளாது. இந்தத் தொடர் வரும் பிரைம் வீடியோவில் கணக்கு அமைப்புகளுக்குள் பெற்றோர் கட்டுப்பாடு என்ற பகுதியில் ரகசிய எண் வைத்து, எந்த வயதுக்கு மேற்பட்டவை அந்த எண்ணைக் கேட்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தெந்தக் கருவிகளுக்கு அது பொருந்தும் என்பதையும் அங்கேயே குறிக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான். கணினியில் வைத்த கட்டுப்பாடு தொலைக்காட்சியில் செருகும் ஃபயர் டிவி குச்சிக்குப் போகாது. அதன் அமைப்புகளில் தனியாக வைக்க வேண்டும். குழந்தைக்குத் தனிச் சிறுவர் சுயவிவரம் உருவாக்கினால் 12 வயதுக்குட்பட்டோருக்கானவை மட்டுமே தெரியும். ஆனால் பெரியவர் சுயவிவரத்துக்கு எண் வைக்காமல் விட்டால், பிள்ளை ஒரே அழுத்தில் அதற்குள் போய்விடும். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் பயன். தனியாகச் சுற்றும் சண்டைத் துணுக்குகளுக்கு இந்தப் பூட்டு எதுவும் பொருந்தாது. அவற்றைப் பிள்ளையோடு பேசித்தான் கையாள முடியும்.

தங்களிடம் கேட்பது பெரிய விஷயமல்ல. வார இறுதிப் பட்டியலில் அனிமேஷன் தொடரின் பெயருக்குப் பக்கத்தில் அதன் வயது வகையையும் அத்தியாய நீளத்தையும் அச்சிடுங்கள். பத்து எழுத்துக்கு மேல் இடம் போகாது. 'இன்வின்சிபிள்' போன்றவற்றைச் சிறுவர் பகுதியிலிருந்து எடுத்து, மற்ற குற்றக்கதை, குடும்பக்கதைத் தொடர்களோடு சேர்த்து விமர்சியுங்கள். அடுத்த வாரப் பட்டியலிலிருந்தே தொடங்க முடிந்தால் நன்றி.

இப்படிக்கு,
சித்திரக்கதை வாசகர் ஒருவர்,
திருச்சி