கை எட்டுகிறதா பார், கண்ணு

கண்ணுக்கு,

நேற்று ராத்திரி நீ அனுப்பிய சைக்கிள் படத்தைக் காலையில்தான் நிதானமாகப் பார்த்தேன். கறுப்பும் மஞ்சளுமாக அழகாகத்தான் இருக்கிறது, தள்ளுபடியும் பெரிசு, ஆனால் ஓரத்தில் ஃப்ரேம் (சைக்கிளின் சட்டம்) அளவு 54 என்று போட்டிருப்பதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. இன்னும் பணம் கட்டவில்லை என்றால் கட்டாதே. இதைப் படித்துவிட்டு முடிவு பண்ணு.

நான் 51 வயதில் முதல் ரோடு பைக், அதாவது குனிந்து ஓட்டுகிற இந்த வகைச் சைக்கிள், வாங்கிய கதையில் பாதிதான் உனக்குத் தெரியும், நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். கடையில் இருந்தது 54 மட்டும், எனக்கு அது பெரிசு. "சீட்டை இறக்கித் தரோம் மேடம், கால் எட்டுதா பாருங்க" என்றார்கள், எட்டியது, வாங்கிவிட்டேன். முதல் வாரம் மருதமலை அடிவாரம் வரை போய்த் திரும்புவதற்குள் இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போயின. கழுத்து பிடித்துக்கொண்டது. பழக்கம் இல்லாததால்தான் என்று நினைத்து இன்னும் அதிகமாக ஓட்டினேன், நாலு மாசம் ஓட்டினேன், அப்புறம் மாடிப்படிக்கு அடியில் நிறுத்தி வைத்து, கடைசியில் பாதி விலைக்குக் கொடுத்தேன். பணம் போனதுகூடப் பெரிசில்லை. அத்தனை நாளும் என் உடம்பில்தான் கோளாறு, வயசாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேனே, அது இன்னும் ஆறவில்லை.

நம் ஊரில் சைக்கிள் என்றாலே "கால் எட்டுதா" என்ற கேள்விதான். பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளை நீ வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது நானும் அதைத்தான் கேட்டேன். அதில் நிமிர்ந்து உட்காருவோம், ஹேண்டில்பார் நம் பக்கமாக வளைந்து வரும், அதனால் கால் எட்டினால் போதும். ரோடு பைக்கில் ஹேண்டில்பாரைத் தேடி நாம் குனிந்து போக வேண்டும். சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு பாதமும் தரையில் படிந்தால் சீட் ரொம்ப இறக்கம் என்று அர்த்தம், கொஞ்ச நாளில் முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும். வண்டி நிற்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கித்தான் கால் ஊன்ற வேண்டும். சீட்டை ஏற்றலாம், இறக்கலாம், அது ஒரு நிமிஷ வேலை. கை எட்டும் தூரம் அப்படி மாறாது, அது ஃப்ரேமோடு வருவது.

முதலில் வீட்டில் ஓர் அளவு எடு. வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்டி நின்று, ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைச் சீட் அழுத்துகிற மாதிரி தொடையிடுக்கில் நன்றாக மேலே ஏற்றி, தரையிலிருந்து புத்தகத்தின் மேல் விளிம்பு வரை அளந்து பார். மூன்று முறை அள. போன தீபாவளிக்கு நான் அளந்தபோது உனக்கு 77 செ.மீ. வந்தது. அதை 0.883 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 68, இரண்டு பெடல் கம்பிகளும் சேர்ந்து சுற்றும் நடு அச்சிலிருந்து சீட்டின் மேல்புறம் வரை அந்த அளவில் வைத்து ஆரம்பிக்கலாம். அப்புறம் குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே மிதித்துப் பார்: கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது.

உன் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. உனக்கு உயரம் 162, கால் அப்பாவைப் போல நீளம், இடுப்புக்கு மேலே என்னைப் போல குட்டை. உயரத்தை மட்டும் போட்டால் அளவு சொல்லும் அட்டவணைக்கு இது தெரியாது. கால் நீளத்தைப் பார்த்துப் பெரிய ஃப்ரேம் எடுத்தால் கை நீட்டி நீட்டித் தோள் கழன்றுவிடும். சின்ன ஃப்ரேம் எடுத்துச் சீட்டை ஏற்றினாலோ ஹேண்டில்பார் ரொம்பக் கீழே போய்விடும். அதனால் 54, 52 என்ற எண்ணை நம்பாதே, ஒரு கம்பெனியின் 52 இன்னொரு கம்பெனியின் 50 போல இருக்கும். ஒவ்வொரு மாடலுக்கும் ஸ்டாக், ரீச் என்று இரண்டு அளவு மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். ஸ்டாக் என்பது முன்பக்கத்தின் உயரம், ரீச் என்பது முன்னோக்கிய நீளம். உனக்கு ஸ்டாக் கூடுதலாகவும் ரீச் குறைவாகவும் வேண்டும். ரேஸுக்கான மாடல்களை விட்டுவிட்டு நெடுந்தூரம் வசதியாக ஓட்டுவதற்கான எண்டூரன்ஸ் வகையில் தேடு, அவற்றில்தான் அப்படிக் கிடைக்கும்.

ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை மாற்றி ஒன்றிரண்டு செ.மீ. குறைக்கலாம், தப்பில்லை. அதற்கு மேல் குறைக்க வேண்டியிருந்தால் ஃப்ரேமே தப்பு. சீட்டை முன்னால் தள்ளித் தூரத்தைக் குறைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதே, முழங்கால்தான் அடி வாங்கும்.

கடையில் சீட்டை 68-ல் வைக்கச் சொல்லி, பதினைந்து நிமிஷமாவது ஓட்டிப் பார்க்கக் கேள். தெருமுனை வரை போய் வந்தால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். பிரேக் லீவரின் மேல்பாகத்தில் கை வைத்திருக்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். யாரையாவது வண்டியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு இரண்டு கையையும் கொஞ்சம் தூக்கு, உடம்பு முன்னால் விழுந்தால் பாரமெல்லாம் கையில் இருக்கிறது என்று அர்த்தம். உன் விரல் சின்னது, பிரேக் எட்டவில்லை என்றால் அதை உள்ளே இழுக்கப் பல லீவர்களில் ஒரு குட்டித் திருகு இருக்கும், கேட்டுச் சரிசெய்துகொள்.

கியரைப் பற்றி ரொம்ப யோசிக்காதே. ஷிமானோ கம்பெனியின் கியர் வகைகளில் கிளாரிஸ் என்பதில் பின்சக்கரத்தில் 8 கியர், சோராவில் 9, டியாக்ராவில் 10, ஈசிஆர் ரோட்டுக்கு எட்டே தாராளம். டயர் அகலம் மட்டும் 28 மி.மீ.க்குக் குறையாமல் பார், 32 போடுகிற அளவுக்கு முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் இடம் இருந்தால் இன்னும் நல்லது, மழைக்காலக் குழிகளை நீயே பார்த்திருக்கிறாய். ஹெல்மெட், பம்ப், ஸ்பேர் டியூப், முன்னும் பின்னும் லைட், இதற்கெல்லாம் பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தில் வண்டி தேடு. குறைந்தால் நான் போடுகிறேன், வெட்கப்படாமல் கேள்.

சனிக்கிழமை போகும்போது அளவு டேப்பைப் பையில் போட்டுக்கொள். நீ வண்டிமேல் உட்கார்ந்திருப்பதைப் பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி அனுப்பு, முழங்கையும் முதுகும் தெரிய வேண்டும். நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

அம்மா